துருவைத் தாண்டி ஒரு படம்

தமிழ்நாட்டின் பல ஊர்களில், பேருந்து நிலையத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடையின் நெற்றியில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்ற எழுத்துகள் இன்னும் வெளிறிக் கிடக்கின்றன. உள்ளே மஞ்சள் பெட்டியும் இல்லை, போனும் இல்லை. பலகையை மாற்றக் காசு வேண்டும். மாற்றாவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை. அது அங்கே தங்கியிருக்க அந்தக் கணக்கே போதும்.

இப்படிப்பட்ட பழசுகளைப் படமெடுப்பவர்கள் இன்று ஏராளம். எடுக்கட்டும். ஆனால் பெரும்பாலான படங்களில் தெரிவது துரு, தூசி, மாலை வெயில் மட்டும்தான். பொருள் ஏன் இன்னும் அங்கே இருக்கிறது என்ற கேள்வி சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது.

தட்டச்சுப் பொறியையே பார்க்கலாம். கோத்ரெஜ் நிறுவனம் அதன் தயாரிப்பைக் கைவிட்டதைப் பற்றி 2011-இல் உலகப் பத்திரிகைகள் இரங்கல் எழுதின. தமிழ்நாட்டிலோ டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்கள் அதற்குப் பிறகும் காலை ஆறு மணிக்கே தடதடத்துக்கொண்டிருந்தன. பழமைப் பற்று காரணமல்ல. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் லோயர், ஹையர் தேர்வுகளில் தேறினால்தான் அரசின் குரூப் 4 தட்டச்சர் வேலைக்குத் தகுதி. அந்தத் தேர்வு மெஷினில் நடந்தது. உதிரிபாகம் தேடி அலைந்த மெக்கானிக்குக்கும் அதுவே சோறு போட்டது. தேர்வு நாளில் இன்ஸ்டிடியூட்காரர்கள் மெஷின்களை வண்டியில் ஏற்றிப் பாலிடெக்னிக் வாசலில் இறக்குவார்கள். எடுக்க வேண்டிய படம் அதுதான். மேசைமேல் தனியாக வைத்து, பக்கத்தில் ஒரு ரோஜாப் பூவையும் கிடத்தி எடுக்கும் படம் திருமண ஆல்பத்துக்கு ஆகும்.

மும்பைப் புகைப்படக் கலைஞர் சிரோதீப் சௌத்ரி இந்த வேறுபாட்டை அறிந்தவர். அந்நகரின் பொதுக் கடிகாரங்களைப் பல ஆண்டுகளாகத் தேடித் தேடிப் பதிவு செய்தவர் அவர்; இந்தியத் தட்டச்சுப் பொறியின் கதையைச் சொல்லி 2016-இல் வந்த நூலிலும் அவருடைய படங்கள் உண்டு.

ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதி இன்னும் கறாரானவர்கள். 1959 முதல் தண்ணீர்த் தொட்டிகள், சுரங்கக் கோபுரங்கள், ஊதுலைகள் எனப் படமெடுத்தார்கள். மேகம் மூடிய வானம், நேர்ப் பார்வை, அலங்காரம் எதுவும் கிடையாது. ஒரே வகைப் படங்களை வரிசையாக அடுக்கியபோது, ஒவ்வொன்றும் ஏன் வேறு மாதிரி கட்டப்பட்டது என்ற கேள்வி தானாக எழுந்தது. டார்ட்மண்டின் சோலர்ன் சுரங்க எந்திரக் கூடத்தை இடிக்கக் கூடாதென்று குரல் கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு. 1969-இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. அவர்கள் படமெடுத்த மற்ற பல கட்டுமானங்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. அவற்றுக்குப் படம்தான் மிச்சம்.

பாரிஸின் புகைப்படக்காரர் அட்ஜே தன் வாசல் பலகையில் எழுதியிருந்தது ‘கலைஞர்களுக்கான ஆவணங்கள்’ என்று. பழைய பாரிஸின் தெருக்களையும் கடைமுகப்புகளையும் எடுத்து நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்றவர் அவர். அந்த அடக்கம் இன்றைய கேமராக்காரர்களுக்கும் உதவும்.

நம்மூரில் தொடங்க இஸ்திரி வண்டி நல்ல இடம். மரத்தடி வண்டிக்கு மின் இணைப்பு கிடையாது. அதனால்தான் கனத்த கரிப்பெட்டி இவ்வளவு நாள் தாக்குப்பிடித்தது. இப்போது பல வண்டிகளில் கேஸ் பெட்டி வந்துவிட்டது. கரிப்பெட்டியைப் படமெடுப்பவர்கள் பெட்டியை மட்டும் எடுக்காமல் வண்டி, மரம், அடுக்கிய துணி, தேய்ப்பவரின் கை எல்லாவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். கீழே தெருப் பெயர், ஆண்டு, உருப்படிக்கு எத்தனை ரூபாய், கரி எங்கிருந்து வருகிறது என்று நாலு வரி எழுத வேண்டும். தேய்ப்பவரிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பலர் கேட்பதில்லை.