தனி வேலி புயலைத் தடுக்காது

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலையில் 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வேகம் கொண்ட அந்தக் காற்றில், பண்ருட்டி வட்டாரத்தில் பாட்டன் காலத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நெற்பயிர் அழிந்தால் அடுத்த போகத்தில் ஈடு செய்யலாம். பலா அழிந்தால் அப்படியல்ல. விதை ஊன்றிய பலா காய்ப்புக்கு வர ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை தோப்புக்காரருக்கு மட்டுமன்றி, பழம் ஏற்றுபவருக்கும், கொட்டை உடைக்கும் பெண்களுக்கும் கை வறண்டுதான் கிடக்கும்.

இன்று தோப்புகள் மீண்டும் பசுமையாகியுள்ளன. ஆனால், அடுத்த புயலைத் தாங்கும் ஏற்பாடு ஊரில் உண்டா? இந்தக் கேள்வியை ஒவ்வோர் ஊராரும் கேட்டுப் பார்க்க வேண்டிய காலம் இது.

பூமி சூடாகி வருவதால் கடல்நீரும் சூடாகி வருகிறது. புயலுக்குத் தீனி வெதுவெதுப்பான கடல்நீர்தான். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், அது சுமக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதம் கூடுகிறது. எனவே பெய்தால் கொட்டித் தீர்க்கும் மழை இனி அபூர்வமல்ல. 2015 நவம்பரில் பண்ருட்டியை அடுத்த விசூர், பெரியகாட்டுப்பாளையம் பகுதிகளில் ஓடை வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டு போனது. 2024 டிசம்பர் முதல் வாரத்தில், பெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணை நிரம்பித் தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது.

காற்றுத் தடுப்பின் கணக்கு

காற்றைத் தணிக்க மர வரிசை வேண்டும் என்பது விவசாயிகள் அறிந்ததே. பின் ஏன் பலரும் வைப்பதில்லை? சோம்பலால் அல்ல. அதில் ஒரு கணக்கு இருக்கிறது.

பத்து மீட்டர் உயரமுள்ள மர வரிசை, அதற்கு அப்பால் 100 முதல் 150 மீட்டர் வரை காற்றின் வேகத்தைக் குறைக்கும். சதுரமாக உள்ள இரண்டு ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 90 மீட்டர்தான். ஆகவே ஒருவர் வைத்த தடுப்பின் பலன் பக்கத்து நிலத்துக்கும் போகிறது. நிழலும் வேரும் இடத்தைப் பிடிப்பதால் வரும் நட்டமோ வைத்தவர் தலையில் விழுகிறது. நிழல் பக்கத்து நிலத்தில் விழுந்தால் வரப்புச் சண்டையும் வருகிறது. 'நமக்கேன் வம்பு' என்று சிறு விவசாயி விட்டுவிடுவதில் வியப்பில்லை.

மேலும், புயல் என்பது சுழலும் காற்று. அதன் மையம் நகர நகர, வீசும் திசையும் மாறும். கடல் கிழக்கே இருக்கிறது என்று கிழக்கு எல்லையில் மட்டும் மரம் வைத்தால் போதாது. நான்கு பக்கமும் வைக்கச் சிறு விவசாயியிடம் நிலம் ஏது? ஆகவே காற்றுத் தடுப்பு என்பது தனி விவசாயியின் வேலை அல்ல, ஊரின் வேலை. வண்டிப்பாதை ஓரம், ஓடைக்கரை, ஏரிக்கரை, ஊராட்சிப் புறம்போக்கு ஆகியவற்றில் ஊர் முழுவதற்கும் ஒரே திட்டமாக மரம் வைத்தால் யார் நிலமும் குறையாது.

பிச்சாவரம் காட்டிய வழி

இது நடக்கக்கூடியதா என்று ஐயப்படுபவர்கள் இதே மாவட்டத்தில் உள்ள பிச்சாவரத்தைப் பார்க்கலாம். முற்காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டியதால் அங்கே தரை தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பேறிச் சதுப்புக்காடு சீரழிந்தது. 1990களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் அவ்வூர் மக்களுடன் சேர்ந்து, மீன் முள்ளைப் போன்ற அமைப்பில் வாய்க்கால்கள் வெட்டின. கடலின் ஏற்றநீர் உள்ளே வந்து வடியத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. நட்ட கன்றுகள் பிழைத்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் போது, காட்டின் மறைவில் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. காடு தனி ஆளுடையது அல்ல. காவலும் தனி ஆளுடையது அல்ல. அதுவே அதன் வெற்றி.

பண்ருட்டி விவசாயிகள் செய்யக்கூடியவை

காற்றுத் தடுப்பைச் சுவர் போல அடைத்து வைக்கக் கூடாது. பாதிக் காற்று ஊடுருவிச் செல்லும் தடுப்பே சிறந்தது. சுவர் போன்ற தடுப்பில் காற்று மேலேறி, மறுபுறம் சுழன்று அடிக்கும். வெளி வரிசையில் பனையும், உள் வரிசையில் வேம்பு, புங்கு, பூவரசு போன்றவையும் குறுக்கு மறுக்காக நடலாம். பனை மெதுவாகவே வளரும். அது வளரும் வரை சவுக்கு வரிசை ஒன்று உதவும். வெட்டி விற்றால் ஊர்ப் பொதுநிதிக்கு வருமானமும் ஆகும்.

பலாவை முடிந்தவரை நடும் இடத்திலேயே விதை ஊன்றி வளர்ப்பது நல்லது. ஆணிவேர் முறியாமல் ஆழமாக இறங்கும். ஒட்டுக்கன்று வாங்கினால், பையில் வேர் சுருண்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். முந்திரியில் முதல் சில ஆண்டுகள் தரையிலிருந்து ஒரு மீட்டர் வரை பக்கக் கிளைகளை நீக்கி, அறுவடைக்குப்பின் காய்ந்த, நெருக்கமான கிளைகளைக் கழித்துவிட்டால் காற்றின் பிடி குறையும்.

ஓடையைத் தூர் வாருவதிலும் ஊர்க்கூட்டு தேவை. மேல்மடை ஊர் முதலில் வாரினால், அந்த வெள்ளம் முழுவதும் கீழ்மடை ஊருக்குள் பாயும். ஆகவே கடைமடையில் தொடங்கி மேலே வர வேண்டும். தோப்புகளில் சரிவுக்குக் குறுக்கே குழி வெட்டினால், ஓடைக்கு ஓடும் நீரில் ஒரு பகுதி செம்மண்ணில் இறங்கிக் கிணற்றுக்கு வரும்.

'1962 முதல் நெய்வேலியில் நிலக்கரி எரிகிறது. உலகமெங்கும் ஆலைகள் புகைகின்றன. அதற்குச் சிறு விவசாயி ஏன் பாடுபட வேண்டும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கரியமில வாயுவைக் குறைக்கும் பெரும் பொறுப்பு அரசுகளுக்கும் ஆலைகளுக்கும் உரியது. அதை விவசாயிகள் உரக்கக் கேட்கவும் வேண்டும். ஆனால் அவர்கள் திருந்தும் வரை புயல் காத்திருக்காது. சாய்வது அவர்கள் மரமல்ல.

மே 1 அன்று கூடும் கிராம சபை இதற்கு ஏற்ற இடம். எந்தப் பாதையில் என்ன மரம், யார் நீர் ஊற்றுவது, ஆடு மாடுகளை யார் தடுப்பது, விறகும் விளைச்சலும் யாருக்கு என்பதை அங்கேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். நட்டுவிட்டுப் போவது எளிது. முதல் மூன்று கோடைகளைக் கடத்துவதே கடினம். அந்தப் பொறுப்புக்குப் பெயர் குறிக்காமல் ஒரு கன்றும் நட வேண்டாம்.