வீட்டுக்காரர் இல்லாத வெள்ளை வீடு

‘காசாபிளாங்கா’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் 1942 நவம்பர் 26 அன்று நியூயார்க்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதன் முதன்மை நடிகர்கள் அனைவரும் மண்ணுக்குள் சென்றுவிட்டனர். அதைக் கண்டு உருகுவோர் மட்டும் தலைமுறைதோறும் புதிதாய்ப் பிறந்துகொண்டே இருக்கின்றனர். நெய்வேலி நகரியத்தில் நம்மவர் இல்லங்களையும் அது விட்டுவைக்கவில்லை. “இதில் ஆபாசம் இல்லை, அத்தா, தியாகம்தான் இருக்கிறது” என்று கல்லூரிப் பிள்ளைகள் வாதாடுகின்றனர். சினிமா என்றாலே ஹராம் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகின்றனர் பெற்றோருள் ஒரு சாரார். மறு சாரார், நல்ல படந்தானே என்று தாமும் உடன் அமர்ந்துவிடுகின்றனர். இவ்விரு சாராரோடும் நமக்கு வழக்கு உண்டு.

பிள்ளைகள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. அதை முதலில் ஒப்புக்கொள்வோம். கதை 1941 டிசம்பரில் நடக்கிறது. ஜெர்மனியிடம் தோற்ற பிரான்சில் விஷி நகரத்து அரசு ஹிட்லருக்கு அடங்கி நடக்கிறது. ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தோர், லிஸ்பன் வழியாக அமெரிக்கா செல்வதற்கு அனுமதித் தாள் கிட்டாதா என்று மொராக்கோவின் காசாபிளாங்கா நகரில் காத்துக் கிடக்கின்றனர். அங்கே உணவு விடுதி நடத்தும் ரிக் என்னும் அமெரிக்கன் கையில் இரண்டு தாள்கள் சிக்குகின்றன. அவன் பாரிஸில் காதலித்த இல்சா, நாஜிகளை எதிர்த்துப் போராடும் தன் கணவனோடு அங்கு வந்து சேர்கிறாள். இரண்டு தாள்கள், மூன்று மனிதர்கள். கடைசியில் அவளைக் கணவனோடு வானூர்தி ஏற்றிவிட்டு ரிக் பின்தங்கிவிடுகிறான்.

தனக்குத் தேவையிருந்தும் பிறருக்கு முன்னுரிமை தருவதை மார்க்கம் ‘ஈஸார்’ என்று போற்றுகிறது. மதீனத்து அன்சாரிகளின் வரலாற்றை மக்தபில் ஓதிய பிள்ளைக்கு அந்த வானூர்தி நிலையக் காட்சி நெஞ்சைத் தொடுமானால் அதில் வியப்பென்ன? படத்தின் ஈர்ப்பு காதலர் கூடுவதில் இல்லை. கைக்கு வந்ததை விட்டுக்கொடுப்பதில் இருக்கிறது. (மணமான பெண் கணவனை விட்டுக் காதலனோடு செல்வதை அக்காலத்து அமெரிக்கத் தணிக்கை விதிகள் பொறுத்துக்கொள்ளமாட்டா என்பதும் மெய்யே. அந்தத் தியாகத்தில் தணிக்கையாளருக்கும் ஒரு பங்கு உண்டு!)

இன்னொரு காரணமும் உண்டு. அகதிகளாக நடித்தோருள் பலர் மெய்யான அகதிகள். நாஜி அதிகாரியாக வரும் கான்ராட் வைட், யூத மனைவியோடு 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். பீட்டர் லோரியும் அவ்வாறே ஓடிவந்த யூதர். விடுதியில் ஜெர்மானிய அதிகாரிகள் பாடும்போது, அதை அடக்கிக்கொண்டு பிரெஞ்சு தேசிய கீதம் எழுகிறது. அப்போது கண்கலங்கிப் பாடும் மாதலின் லபோ 1940இல் பிரான்சிலிருந்து தப்பியவர். அந்தக் கண்ணீர் பொய்யன்று. எண்பது ஆண்டுகளாக உலகத்தை அழவைப்பது அந்தக் காட்சிதான்.

நம் வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

‘காசாபிளாங்கா’ என்பது ஸ்பானியச் சொல். அந்நகரத்தார் தம் ஊரை ‘அத்தாருல் பைளா’ என்பர். வெள்ளை வீடு என்று பொருள். அந்த வீட்டின் மீது 1907 ஆகஸ்டில் பீரங்கிக் குண்டு பொழிந்தவை பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள். 1912இல் ஃபெஸ் உடன்படிக்கையின் பெயரால் மொராக்கோவின் பெரும்பகுதியைத் தன் ‘பாதுகாப்பில்’ எடுத்துக்கொண்டது பிரான்சு. ஆகவே எந்தக் கீதத்தைக் கேட்டு நாம் விடுதலை உணர்ச்சியால் சிலிர்க்கிறோமோ, அதே கீதம் அந்த ஊர்க்காரனின் காதில் அவனை வென்றவன் பாட்டு. அவன் அந்த விடுதியில் அமர்ந்திருந்தால் எழுந்து பாடியிருப்பானா?

அமர்ந்திருந்தால்தானே! படத்தில் ஊர்க்காரர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். விடுதி வாசலில் அப்துல் என்று ஒரு காவலாள். அவராக நடித்தவர் அமெரிக்கர். கடைத்தெருவில் இல்சாவிடம் துணி விற்கும் ஓர் அரபி. அவர் 700 பிராங்க் என்று தொடங்குகிறார், ரிக்கின் நண்பர் என்றதும் 200 என்கிறார், பிறகு 100க்கு இறங்குகிறார். அவராக நடித்தவர் இத்தாலியர். படமும் மொராக்கோவில் எடுக்கப்பட்டதன்று. கலிபோர்னியாவில் அரங்கம் அமைத்து எடுத்தது. உலகெங்கும் இருந்து வந்தோருக்கெல்லாம் அங்கே வரலாறு உண்டு, துயரம் உண்டு, காதல் உண்டு. வீட்டுக்காரனுக்கு வாயிற்படியும் பேரமும் மட்டுமே.

“கதை அகதிகளைப் பற்றியது, ஊர்க்காரரைப் பற்றியதன்று” என்பார் உளர். அவர்களுக்கு நெய்வேலியிலிருந்தே விடை சொல்லலாம். இங்கே 1956இல் நிறுவனம் தோன்றி, அடுத்த ஆண்டு சுரங்கப்பணி தொடங்கியது. மண்ணை வெட்டும் ராட்சத இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன; முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியால் எழுந்தது. நாளை ஒருவர் ‘நெய்வேலி’ என்று பெயரிட்டுப் படம் எடுக்கிறார் என்று வையுங்கள். அதில் ஒரு ஜெர்மானியப் பொறியாளரும் ஒரு ரஷ்யப் பெண்ணும் விருந்தினர் விடுதியில் காதலித்துப் பிரிகின்றனர். நிலத்தைக் கொடுத்துவிட்டு ஊரோடு இடம்பெயர்ந்த குடியானவர் தேநீர்க் கோப்பை ஏந்தி ஒருமுறை குறுக்கே நடக்கிறார். இதை விருத்தாசலம் வட்டாரத்துப் பெரியவர்கள் முன்னால் போட்டுக்காட்டி, “இது உங்கள் ஊர்க் காவியம்” என்று சொல்லும் துணிவு யாருக்கு வரும்?

வரலாறு திரைக்கு வெளியே வேறு கதை எழுதியது. 1943 ஜனவரி 22 இரவு, அதே நகரத்தின் அன்ஃபா பகுதியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், மொராக்கோ சுல்தான் ஐந்தாம் முஹம்மதோடு விருந்துண்டார். அதற்கு மறுநாள்தான் படம் அமெரிக்கா முழுவதும் வெளியானது. ஓராண்டு கழித்து, 1944 ஜனவரி 11இல், இஸ்திக்லால் கட்சியினர் விடுதலை கோரி அறிக்கை வெளியிட்டனர். அம்மாதம் முடியுமுன் அவர்களின் தலைவர்கள், ஜெர்மனியோடு கூடிச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைப்பட்டனர். சிறைப்படுத்தியது விஷி அரசன்று. தெ கோலின் சுதந்திர பிரான்சு, படத்தில் எவர் வெல்லவேண்டும் என்று நாம் ஏங்குகிறோமோ அவர்களே. 1953இல் சுல்தானையே நாடு கடத்தினர். 1956இல்தான் வீடு வீட்டுக்காரர் கைக்கு வந்தது.

இத்தோடு நிறுத்தினால் ஹாலிவுட்டைச் சபித்துவிட்டுக் கை கழுவுகிறவர்களாவோம். அது எளிது. கடினமான கேள்வி வேறு. அந்தப் போரில் நம் வீட்டார் எங்கே இருந்தனர்?

1940 செப்டம்பரில் புதுச்சேரி ஆளுநர் போன்வென் தெ கோலின் பக்கம் சேர்ந்தார். காரைக்காலும் உடன் சேர்ந்தது. இந்தோசீனாவோ விஷியின் பக்கமே நின்றது. காரைக்கால், நாகூர் முஸ்லிம்களுக்குச் சைகோனில் கடைகள் இருந்தன. அங்கே 1935இல் எழுந்த பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. ஆக, வாப்பா ஒரு பிரான்சிலும் பிள்ளைகள் மற்றொரு பிரான்சிலுமாகக் குடும்பங்கள் பிளந்து நின்றன. ரிக்கின் விடுதியில் நடந்ததெல்லாம் காரைக்கால் திண்ணையில் கேட்கவேண்டிய கதை. யார் சொன்னார்கள்?

இரங்கூன் இன்னும் பெரிய கதை. 1931இல் அந்நகர மக்களுள் பாதிக்குமேல் இந்தியர். சோலியா ஜாமிஆ பள்ளிவாசல் இன்றும் அங்கே நம்மவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1941 டிசம்பர் 23இல் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் மலையும் காடும் கடந்து நடந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். மணிப்பூருக்கு வரும் வழியில் வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை. அனுமதித் தாளின் அருமையை நமக்கு ஹாலிவுட்டா கற்பிக்கவேண்டும்?

தமிழ்த் திரை அதை ஒருமுறை தொட்டது. 1952இல் வந்த ‘பராசக்தி’யில் இரங்கூனில் மூன்று சகோதரர், கிடைப்பதோ ஒரே ஒரு கப்பல் சீட்டு. இளையவன் கப்பலேற, மற்றவர்கள் பின்னர் நடந்து வருகின்றனர். ஒருவன் காலை இழக்கிறான். அப்படத்தின் நாத்திக வாடை நமக்கு உடன்பாடன்று. ஆனால் அந்த ஒற்றைச் சீட்டு ரிக்கின் இரண்டு தாள்களுக்கு எவ்வகையில் குறைந்தது? ரிக்கின் தாளாவது நாடக ஆசிரியர்களின் கற்பனை. அப்படியொரு தாள் உலகில் இருந்ததில்லை. நீதிமன்ற வசனத்தை மனப்பாடம் செய்த தமிழர் அந்தச் சீட்டை மறந்துவிட்டனர். தாம் நடந்த நடையை வெ. சாமிநாத சர்மா நூலாக எழுதிவைத்தார். கூட நடந்த பரங்கிப்பேட்டைக்காரரின், நாகூர்க்காரரின் நடை எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

சினிமா ஹராம் என்று பேச்சை முடித்தவர்களே, அந்த நடையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால் அவர்கள் கதை தேடிப் பிறர் வாசலுக்குப் போயிருப்பார்களா? உடன் அமர்ந்து கண் துடைத்தவர்களே, உங்கள் பாட்டனார் இரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் சைகோனிலிருந்தும் எழுதிய கடிதங்கள் எங்கே? அன்று பத்து வயதில் நடந்த பிள்ளை இன்று உயிரோடிருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருக்கும். அவர்களைக் கேட்கும் காலம் ஏறக்குறையப் போய்விட்டது. மிஞ்சியிருப்பவை கடிதங்கள். அவை அரபுத்தமிழில் இருப்பதால் பேரனுக்குப் படிக்கத் தெரியவில்லை. ஏதோ ஓதும் தாள் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக் கிணற்றில் இடுகிறான், அல்லது வீடு இடிக்கும்போது பழைய தாள் கடைக்கு எடைக்குப் போடுகிறான். கணக்கு ஏடுகளுக்கும் இதே கதிதான்.

டிரங்குப் பெட்டிகளைத் திறவுங்கள். ஒரு தாள், ஒரு பற்றுச்சீட்டு, பாதி கிழிந்த உறை, எதுவாயினும் ஆகட்டும். உங்கள் ஊர் மதரஸாவுக்குக் கொண்டு செல்லுங்கள். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். நெய்வேலியில் இருப்போர் எந்த நாள் அஸருக்குப் பின்னும் நம்மிடம் வரலாம். உட்கார்ந்து, உரக்கப் படித்து, பேரப்பிள்ளை கேட்கக் கேட்கத் தமிழெழுத்தில் பெயர்த்து எழுதித் தருகிறோம்.