தேர்ட் ஷையா, சித்தாவா?

ஏ.எல். ரிசல்ட் வந்ததும் கண்டியில பயோ பிள்ளைகள்கிட்ட ஒரே கேள்விதான்: "பேராதனை கிடைக்குமா?" 1962இல் தொடங்கின மருத்துவ பீடம், பஸ்ல போற தூரம். வெட்டுப்புள்ளிக்கு இசட் ஸ்கோர் கொஞ்சம் குறைஞ்சா அதுவே எட்டாத தூரம்.

அப்போ ரெண்டு வழி. கடைசி வாய்ப்பான மூணாவது தடவையும் எழுதுறது. இல்லாட்டி யாழ்ப்பாணத்திலயோ திருகோணமலையிலயோ சித்த மருத்துவம். "எதுவானாலும் டொக்டர்தானே"ன்னு வீட்டில சொல்வாங்க.

அமெரிக்காவுல அது சரி. அங்க ஒஸ்டியோபதி படிச்ச டி.ஓ.வுக்கும் எம்.டி.க்கும் ஒரே சிகிச்சை உரிமை. இங்க அப்படியில்ல. எம்.பி.பி.எஸ். முடிச்சவர் பதியிறது இலங்கை மருத்துவ சபையில, சித்த மருத்துவர் பதியிறது ஆயுர்வேத மருத்துவ சபையில. படிப்பும் வேற, பார்க்கிற வேலையும் வேற.

அதுக்காக சித்தா மட்டம்னு சொல்லல. நாடி, மூலிகைன்னு உண்மையிலேயே ஆசையிருந்தா தயங்காம போங்க. சத்திரசிகிச்சைதான் கனவுன்னா, அதை ஆறுதல் பரிசா எடுக்காதீங்க. ஐந்து வருஷம் படிக்கப்போறது வீட்டுக்காரங்க இல்ல, நீங்க.

விண்ணப்பத்துல விருப்ப வரிசையை நிரப்ப முன்னால, "இது கிடைச்சா சந்தோஷமா போவேனா?"ன்னு ஒவ்வொரு வரிக்கும் கேளுங்க. இல்லைன்னா அந்த வரியை எழுதாதீங்க.