தோட்டத்துப் பிள்ளை மாதிரியே இல்ல

முதலாம் வருஷம் ஹொஸ்டலுக்கு வந்த அன்றைக்கு ரூமில் கேட்ட முதல் கேள்வி, "நீங்க எந்த இடம்?" யோசிக்காமலே "ஹட்டன்" என்றேன். ஹட்டன் டவுனிலிருந்து எங்கட லயத்துக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம், பிறகு ஏற்றத்தில் நடை. ஆனாலும் இது பொய்யில்லைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பொய்க்கு வட்டி கட்ட வேண்டியிருந்தது. "பேசுறோம்" என்பது "கதைக்கிறம்" ஆனது. காம்பரா, இஸ்தோப்பு, பீலி எல்லாம் என் வாயிலிருந்து காணாமல் போயின. மூன்று மாதத்தில் அம்மா போனில், "என்னாடி, வேற யாரோ பேசுற மாதிரி இருக்கு" என்றார். அதே கிழமை ரூம்மேட் ஒருத்தி, "நீர் தோட்டத்துப் பிள்ளை மாதிரியே இல்ல" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். இதை எழுத எனக்கு இரண்டு வருஷம் தேவைப்பட்டது.

"நீ நீயாக இரு" என்று எல்லாரும் ஈஸியாகச் சொல்லிவிடுகிறார்கள். எந்த நான்? என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் இனம் "இந்தியத் தமிழ்". அப்பா இந்தியாவுக்குப் போனதேயில்லை, பாஸ்போர்ட்கூட இல்லை. அம்மாயி இங்கே பிறந்தவர். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடில்லாதவர் ஆனார். 1964இல் இரண்டு பிரதமர்கள் ஒப்பந்தம் போட்டு எங்கட ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள்: மொத்தம் 975,000 பேர், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம். அம்மாயியின் அண்ணன் அந்தக் கணக்கில் போனவர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இங்கே நாடில்லாமல் மிஞ்சியிருந்தவர்கள் இருந்தார்கள். அதாவது, நாங்கள் யார் என்பதை எங்களைக் கேட்காமலே மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு "உன்னை நீயே கண்டுபிடி" என்ற தன்னம்பிக்கைப் பேச்சு கொஞ்சம் பகிடியாகத்தான் கேட்கும்.

2023இல் எல்லாம் தலைகீழானது. மலையக மக்கள் வந்து 200 வருஷம். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே போனார்கள். அந்தப் படங்களைப் போனில் பார்த்து ஹொஸ்டல் பாத்ரூமில் இருந்து அழுதேன். அடுத்த நாள் ரூமில் சொன்னேன், நான் ஹட்டன் டவுன் இல்லை, தோட்டம், லயம் என்று. யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் கைகால் நடுங்கியது.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு நான் "மலையகப் பிள்ளை" ஆகிவிட்டேன். நிகழ்ச்சி என்றால் கூப்பிடுவார்கள். மேடையேறி அட்டைக்கடி, பெரட்டு, கொழுந்துக்கூடை என்று பேசினேன். கைதட்டினார்கள். உண்மையில் நான் ஒரு நாள்கூட கொழுந்து பறித்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு மலைக்கு வரக்கூடாது என்று அம்மா அடித்தே வைத்திருந்தார். அம்மாவின் கறைபிடித்த விரல்களை நான் மேடையில் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். முன்பு ஒளித்தேன், இப்போது காட்டுகிறேன். இரண்டு தடவையும் எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் நான் யாரென்று முடிவு செய்திருக்கிறேன்.

இப்போது இறுதி வருட ஆய்வு. நான் வரலாறு படிக்கிறேன். மாதோட்டத் துறைமுகத்தைப் பற்றிச் செய்ய ஆசை. சொன்னதும் வந்த கேள்வி: "உங்கட ஆக்களைப் பற்றிச் செய்யலாமே?" அன்பாகக் கேட்டதுதான். ஆனால் பக்கத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெடியனிடம் யாரும் "உங்கட ஊரைப் பற்றிச் செய்" என்று சொல்வதில்லை. அவன் சோழரையும் செய்யலாம், பிரெஞ்சுப் புரட்சியையும் செய்யலாம். எங்களுக்கு மட்டும் எங்களையே சுற்றிச் சுற்றி எழுதும் வேலை. நாங்கள் எழுதாவிட்டால் யார் எழுதுவது என்ற கேள்வி எனக்கும் இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியவில்லை. இரவில் வந்து குத்தும். ஆனாலும் அது நானாக எடுக்க வேண்டிய முடிவு. லயத்தில் பிறந்ததற்காகக் கட்ட வேண்டிய கடன் இல்லை.

மாதோட்டம் என்றே தலைப்பைக் கொடுத்துவிட்டேன். "கதைக்கிறது" என்னைவிட்டுப் போகவில்லை, போகவேண்டும் என்று நினைப்பதும் இல்லை. நாலு பேரோடு மூன்று வருஷம் ஒரே ரூமில் இருந்து வந்த சொல், அதுவும் என்னுடையதுதான். அம்மாவோடு பேசும்போது காம்பராவும் பீலியும் தானாக வருகின்றன. சிலநேரம் இரண்டும் கலந்துவிடும், அம்மா சிரிப்பார்.

போன கிழமை தலைப்பைச் சொன்னேன். "அது எங்க இருக்கு?" என்று கேட்டார். மன்னார்ப் பக்கம் என்றேன். "அந்தப் பக்கமாத்தானே நம்மாளுங்க வந்தாங்கன்னு அம்மாயி சொல்லும்," என்றார். நான் அதை யோசித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.