திறந்து காட்டப்படும் வரைநோட்டு

தியானப் பகுதி: நீதிமொழிகள் 27:5-17, அப்போஸ்தலர் 18:24-28



திருவண்ணாமலையில் வாழும் நமக்கு, வரைநோட்டும் பென்சிலுமாக அமர்ந்திருப்போர் புதியவர்கள் அல்லர். மலையின் சரிவையும், பதினொரு நிலைகளோடு 217 அடி உயர்ந்து நிற்கும் ராஜகோபுரத்தையும், கிரிவலப் பாதையின் மரநிழலையும் தாளில் பிடிக்க முயல்வோரைத் தெருவோரங்களில் காண்கிறோம். நம் சபையின் வாலிபரிடையேயும் அவ்வார்வம் உண்டு. பிரசங்க வேளையிலேயே ஆராதனைத் தாளின் பின்புறத்தில் பிறந்த கிறுக்கல்கள் சிலவற்றை நானும் பார்த்திருக்கிறேன். அண்மைக் காலமாக, வாலிபர் ஐக்கியக் கூடுகை முடிந்தபின் அவர்கள் தங்கள் நோட்டுகளை மாற்றிக்கொண்டு, ஒருவர் படத்தைப் பற்றி மற்றவர் கருத்துச் சொல்கிறார்கள். “வேதத்தைத் தியானிக்கக் கூடும் இடத்தில் இதற்கு என்ன அவசியம்?” என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அவசியம் உண்டு என்பதே என் பதில்.

யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில், ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்காகத் தேவன் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, தம் ஆவியினால் நிரப்புகிறார். அவர் பொன்னிலும் மரத்திலும் வேலை செய்யும் கைவினைஞராகிய பெசலெயேல். அவரையும் தேவன் தனியே விடவில்லை. அகோலியாபைத் துணையாகச் சேர்த்தார். கைத்திறன் தேவனுடைய ஈவு. அது துணையோடு வளர வேண்டும் என்பதும் அவருடைய ஒழுங்கு.

முடிந்த படத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவது எளிது. அழித்து வரைந்த கோடுகளும், பாதியில் நின்ற முகங்களும், அளவு பிசகிய கைகளும் நிறைந்த நோட்டைத் திறப்பது கடினம். அதைக் காட்டுகிறவர் தம் உள்ளத்தையும் சிறிது திறந்து காட்டுகிறார். ஆகவே அவ்வேளையில் நாம் சொல்லும் சொல் தாளோடு நின்றுவிடுவதில்லை. இளமையில் கேட்ட ஒரு கேலிச்சொல்லால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அதன்பின் எடுக்காதவர்கள் நம் நடுவிலேயே இருக்கக்கூடும்.

நம் நாட்களில் மிகவும் மலிந்த பதில் “சூப்பர்” என்பதாகும். கைப்பேசியில் படம் வந்தவுடன், அதைச் சரியாகப் பாராமலே கட்டைவிரல் குறியை அனுப்பிவிடுகிறோம். அதில் தீங்கில்லை என்று எண்ணுகிறோம். நீதிமொழிகளின் ஞானியோ, பகைவன் தாராளமாய்த் தரும் முத்தத்தையும் நேசிப்பவன் உண்டாக்கும் காயத்தையும் எதிரெதிரே நிறுத்தி, பின்னதையே நம்பத்தக்கதென்கிறார். பாராமல் புகழ்வது அன்பைப் போலத் தோன்றும் அலட்சியம்.

அப்படியானால் குறையை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவதே போதுமா? வின்சென்ட் வான்கா என்னும் டச்சு ஓவியரைப் பலர் அறிவீர்கள். ஓவியராவதற்கு முன் அவர் பெல்ஜிய நாட்டுச் சுரங்கத் தொழிலாளரிடையே சுவிசேஷகராக ஊழியம் செய்தவர். 1880-இல் அந்தோன் வான் ரப்பார்ட் என்னும் ஓவியர் அவருக்கு நண்பரானார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கடிதங்களாலும் வரைபடங்களாலும் அந்த நட்பு வளர்ந்தது. 1885-இல் ‘உருளைக்கிழங்கு உண்போர்’ என்னும் தம் படத்தின் கல்லச்சுப் பிரதியை வின்சென்ட் அவருக்கு அனுப்பினார். எளிய உழவர் குடும்பம் ஒன்று விளக்கொளியில் உணவருந்தும் காட்சி அது. உருவங்கள் சரியாக அமையவில்லை, வேலையில் அக்கறை இல்லை என்று ரப்பார்ட் கடுமையாக மறுமொழி எழுதினார். வின்சென்ட் அந்தக் கடிதத்தையே திருப்பி அனுப்பினார். சில மாதங்களில் நட்பு முறிந்தது.

உடலமைப்பைப் பற்றி ரப்பார்ட் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், தாங்கள் பாடுபட்டு விளைவித்ததைத் தங்கள் கைகளாலேயே எடுத்து உண்ணும் உழைப்பாளிகளின் மாண்பு அவர் கண்ணில் படவில்லை. 1890-இல் வின்சென்ட் மறைந்தபின், அவருடைய தாயாருக்கு எழுதிய கடிதத்தில் ரப்பார்ட் தம் நண்பரை மிகுந்த மதிப்போடு நினைவுகூர்ந்தார். அந்தச் சொற்களைக் கேட்க வேண்டியவர் அப்போது உயிரோடு இல்லை.

இதற்கு மாறான வழியை அப்போஸ்தலர் நடபடிகளில் காண்கிறோம். சொல்வன்மை மிக்க அப்பொல்லோ எபேசுவில் போதித்தபோது, யோவானின் ஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தார். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அக்குறையைக் கவனித்தனர். ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று அவரைத் திருத்தவில்லை. தங்களோடு அழைத்துக்கொண்டு விளக்கினர். அவருடைய ஆர்வத்தை அணைக்காமல் அறிவைக் கூட்டினர். அதன் பலனை அகாயா நாட்டுச் சபை பெற்றது.

தமிழ்ப் பத்திரிகை உலகிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. ஆனந்த விகடனில் புகழ்பெற்றிருந்த ஓவியர் மாலி, கேலிச்சித்திரங்களில் தேர்ந்தவர். பி. எம். சீனிவாசன் என்னும் இளைஞரின் கோடுகளைக் கண்ட அவர், அந்தக் கை எதற்காக அமைந்தது என்று உணர்ந்து, ‘சில்பி’ என்று பெயரிட்டார். அவ்விளைஞர் பின்னாட்களில் கோயில்தோறும் சென்று, சிற்பங்களின் முன் அமர்ந்து வரைந்த படங்களைத் தமிழகம் நன்கறியும். மாலியின் ஆதரவில் வளர்ந்த மற்றோர் இளைஞர் கோபுலு, நகைச்சுவைச் சித்திரத்தில் தமக்கெனத் தனி இடம் பெற்றார். இருவரையும் மாலி தம்முடைய நகல்களாக்க முயலவில்லை. நண்பரின் படத்தைப் பார்க்கையில், “நானாக இருந்தால் எப்படி வரைந்திருப்பேன்?” என்பதை ஒதுக்கிவிட்டு, “இவருக்குத் தேவன் கொடுத்தது எது?” என்று தேடுவதே மெய்யான கவனிப்பு.

இனி, நோட்டைக் காட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல். 1876-இல் வெனிஸ் நகரில், லிலியாஸ் டிராட்டர் என்னும் ஆங்கில இளம்பெண்ணின் படங்களை அவருடைய தாயார், கலை விமர்சகர் ஜான் ரஸ்கினுக்கு அனுப்பினார். ரஸ்கின் அவருக்கு ஆசிரியரும் நண்பருமானார். கலைக்கே முழுமையாக ஒப்புக்கொடுத்தால் மிகப் பெரிய ஓவியராகலாம் என்று ஊக்கினார். நெடிய போராட்டத்துக்குப் பின் லிலியாஸ் ஊழியப் பாதையைத் தெரிந்துகொண்டு, 1888-இல் அல்ஜீரியாவுக்குச் சென்றார். ரஸ்கினின் நட்பையும் விடவில்லை, தூரிகையையும் விடவில்லை. பாலைவனப் பூக்களும் மனித முகங்களும் அவருடைய நாட்குறிப்பின் பக்கங்களில் தொடர்ந்து மலர்ந்தன. நண்பரின் கருத்தை நன்றியோடு கேளுங்கள். ஆனால் உங்கள் மதிப்பு அதில் இல்லை. இகழ்ச்சி உங்களை உடைக்கவும் புகழ்ச்சி உங்களை ஆளவும் இடங்கொடாதிருங்கள். நம்மை உருவாக்கியவர் நம்மைக் குறித்துச் சொன்னதே நம் மதிப்பு.

ஆகவே நம் வாலிபருக்கு நான் சொல்வது இதுவே: நோட்டுகளைத் திறவுங்கள். பார்ப்பவர், வாய் திறக்குமுன் ஒரு நிமிடமாவது அமைதியாகப் பாருங்கள். “இதில் எதைக் காட்ட விரும்பினாய்?” என்று கேளுங்கள். நன்றாக அமைந்த ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். “நிழல் எந்தப் பக்கம் விழுகிறதென்று தெரியவில்லை” என்பதுபோல், திருத்தக்கூடிய ஒன்றையும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். குறையை நேரில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம். கேலி எங்கும் வேண்டாம்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தன் கிறுக்கலைப் பயமின்றிக் காட்டக்கூடிய இடத்தில்தான் ஒரு பிள்ளை நாளை தன் சந்தேகத்தையும், தோல்வியையும், பாவத்தையும் திறந்து பேசும். ஒரு வரைபடத்தின் குறையையே அன்போடு சொல்லத் தெரியாத நாம், ஆத்துமாவின் குறையை எப்படிச் சொல்வோம்? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வாலிபரின் அருகில் அமர்ந்து, “உன் நோட்டைக் காட்டு, தம்பி” என்று கேட்டுப் பாருங்கள்.

ஜெபம்: எங்களை வனைகிற தேவனே, முற்றுப்பெறாத எங்களை நீர் வெறுத்துத் தள்ளவில்லை. பிறருடைய முற்றுப்பெறாத வேலையைப் பொறுமையோடு பார்க்கும் கண்களையும், உண்மையை அன்போடு பேசும் நாவையும் எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.