பழைய பூச்சின் மேல் புதிய பூச்சு நிலைக்காது

என் தந்தையார் விட்டுச்சென்ற கண்ணாடியிழைத் தூண்டில் கோலின் பூச்சு மஞ்சளித்து, வெடித்து, செதில் செதிலாக உதிரத் தொடங்கியது. “எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள், அத்தா” என்றான் மகன். நானோ அவசரத்தில் பழைய பூச்சின் மேலேயே வார்னிஷைத் தடவினேன். சில வாரங்களில் இரண்டும் சேர்ந்தே உரிந்தன.

எறிவதும் தவறு; மூடி மறைப்பதும் தவறு என்பதே என் கருத்து. வெயிலும் உப்புநீரும் அரித்தது மேற்பூச்சை மட்டுமே. கோலின் வலிமை உள்ளிழையில் இருக்கிறது. ஆயினும் தாமதம் கூடாது. வளையங்களைப் பிணைக்கும் நூற்கட்டின் பூச்சு வெடித்தால், நீர் புகுந்து வளையத்தின் கால் துருவேறும்.

பெயிண்ட் நீக்கும் கடும் திரவங்கள் கோலின் பிசினையே கெடுக்கக்கூடும். கத்தி ஆழப் பதிந்தால் இழை அறுபடும். பெரிய மீன் இழுக்கையில் அவ்விடத்திலேயே கோல் முறியும். ஆதலால் நூலை வளையக் காலின் மேற்புறத்தில் மட்டுமே கீற வேண்டும். எஞ்சிய பூச்சை மென்சூட்டால் இளக்கி உரித்து, நனைத்த மெல்லிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். நனைத்தால் தூள் பறப்பது குறையும். பின்னர் வளையங்களைப் புதிய நூலால் கட்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, இருபகுதி எபாக்சியை அளவு பிசகாமல் கலந்து மெல்லியதாகப் பூச வேண்டும். அது வழிந்து ஒருபுறம் திரளாதிருக்க, இறுகும்வரை கோலை மெதுவாகச் சுழற்ற வேண்டும்.

அந்தப் பணியை மகனிடமே ஒப்படைத்தேன். மணிக்கணக்கில் பொறுமையாகச் சுழற்றினான். எறியச் சொன்னவனே இன்று அக்கோலை எவரையும் தொட விடுவதில்லை. பழுதான பொருளைக் குப்பையில் இடுமுன், ஒருமுறை உங்கள் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பாருங்கள்.