இந்த சீசனின் நம்பர் 1 ஜோடி எது? சிவகங்கை மாட்டுவண்டி ரசிகர்களின் முடியாத சண்டை

பெரிய மாட்டில் இந்த வருஷம் யார் கை ஓங்கியிருக்கிறது? காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், சிங்கம்புணரி பக்கம் எந்த டீக்கடையிலும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். டீ ஆறிவிடும், பதில் வராது. ஒருவர் கொடி வாங்கிய கணக்கைச் சொல்வார். இன்னொருவர், "அந்தப் பந்தயத்துல நல்ல மாடு எதுவுமே வரலையே" என்பார். மூன்றாமவர் போனை எடுத்து, எல்லையில் வண்டிகள் திரும்பும்போது உரசிக்கொண்ட வீடியோவை ஓடவிடுவார். அங்கிருந்து சண்டை புதிதாக ஆரம்பிக்கும்.

தை பிறந்து கோடைத் திருவிழாக்கள் முடியும்வரை இந்த மாவட்டத்தில் ஏதாவது ஒரு சாலையில் பந்தயம் இருந்துகொண்டே இருக்கும். ஆனால் சீசன் முழுவதற்கும் சேர்த்து யார் முதலிடம் என்று சொல்ல ஒரு தாள்கூடக் கிடையாது. "நமக்கும் ஒரு புள்ளிப்பட்டியல் வேண்டும்" என்று இளைய ரசிகர்கள் சொல்வது இதனால்தான். கேட்பதற்குச் சின்ன ஆசை போலத் தெரியும். ஆனால் பட்டியல் வந்தால் சாலையில் நிற்கும் மனிதர்களுக்கும் நுகத்தில் பூட்டிய மாடுகளுக்கும் அதில் நன்மை இருக்கிறது.

கொங்குக்கும் சிவகங்கைக்கும் என்ன வித்தியாசம்?

ரேக்ளா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பொள்ளாச்சி, உடுமலை. அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் என்று குறுகிய தூரம். எத்தனை விநாடியில் கடந்தது என்பதுதான் கணக்கு. இன்று ஓடிய ஜோடியையும் போன மாதம் வேறு ஊரில் ஓடிய ஜோடியையும் ஓரளவுக்காவது ஒப்பிட்டுவிடலாம். கடிகாரம் பொய் சொல்லாது.

சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் ஆட்டமே வேறு. பொதுமக்கள் போய்வரும் தார்ச்சாலையில் பல வண்டிகள் ஒன்றாகக் கிளம்பி, எல்லையைத் தொட்டுத் திரும்பி வர வேண்டும். பெரிய மாட்டுக்குப் போக வர 8 மைல், சின்ன மாட்டுக்கு 6 மைல் என்பதுபோல ஊருக்கு ஊர் தூரம் மாறும். (கிலோமீட்டர் வந்து இத்தனை வருஷம் ஆகியும் பந்தயம் மட்டும் மைலில்தான் ஓடுகிறது.) பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவுகள். ஜோடிகள் அதிகம் வந்துவிட்டால் ஒரே பிரிவை இரண்டாகப் பிரித்து ஓடவிடுவார்கள். அப்போது ஒரே பிரிவுக்கு ஒரே நாளில் இரண்டு முதல் பரிசு. இருவரில் யார் பெரியவர்? அவர்கள் நேருக்கு நேர் ஓடவே இல்லையே.

இன்னொரு சிக்கலும் உண்டு. பரிசு அறிவிக்கும்போது உரிமையாளர் பெயரும் ஊரும்தான் முதலில் வரும். ஆனால் ஒருவருடைய ஒரு மாடும் இன்னொருவருடைய ஒரு மாடும் சேர்ந்த கூட்டு ஜோடிகள் இங்கே சகஜம். அடுத்த வாரம் அதே மாடு வேறு மாட்டோடு பூட்டப்பட்டிருக்கும். சாரதியும் மாறியிருப்பார். அப்படியென்றால் சாம்பியன் யார்? மாடா, ஜோடியா, உரிமையாளரா, சாரதியா? டீக்கடையில் நாலு பேர் நாலு பதில் சொல்வதற்குப் பாதிக் காரணம், நாலு பேரும் நாலு வேறு கேள்விக்குப் பதில் சொல்வதுதான்.

பட்டியல் இருக்கும் இடத்தில் சண்டை இல்லையா?

இருக்கிறது. தாராளமாகவே இருக்கிறது.

பொதுச்சாலையை அடைத்து, ஓட்டுநரும் துணை ஓட்டுநருமாக ஓடும் இன்னொரு பந்தயம் கார் ராலி. அதன் உச்சம் உலக ராலி சாம்பியன்ஷிப். ஓட்டுநர், துணை ஓட்டுநர், தயாரிப்பாளர் என மூன்று பட்டங்களும் தனித்தனி. ஆகவே, நம் ஊரின் 'சாம்பியன் யார்' குழப்பத்தை அங்கே எப்போதோ தீர்த்துவிட்டார்கள். ஆனாலும் கடந்த சில சீசன்களாக ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

2024-ஐ எடுத்துக்கொள்வோம். மொத்தம் 13 சுற்று. ஹூண்டாய் ஐ20-இல் ஓடிய பெல்ஜியத்தின் தியரி நூவில் பட்டம் வென்றார். (இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி நம் தெருவில் நிற்கும் காரின் பெயர்தான். பெயர் மட்டும்தான்.) அவர் ஜெயித்தது 2 சுற்று. சீசன் முழுக்க ஓடாமல் இடையிடையே மட்டும் வந்த பின்லாந்தின் கல்லே ரோவன்பெரா ஜெயித்தது 4 சுற்று. அந்த ஆண்டு சனிக்கிழமை வரையிலான நிலவரத்துக்குத் தனிப் புள்ளி, ஞாயிற்றுக்கிழமைக்குத் தனிப் புள்ளி என்று விதியை மாற்றியிருந்தார்கள். விளைவு, சுவீடன் சுற்றில் முதலிடம் பிடித்த எசபெக்கா லப்பியைவிட இரண்டாமிடம் பிடித்த எல்ஃபின் எவன்ஸ் அதிகப் புள்ளி எடுத்தார். ஜெயித்தவருக்குக் குறைவு, தோற்றவருக்கு அதிகம் என்றால் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? 2025-க்கு விதியை மறுபடி மாற்றினார்கள்.

2025-இல் வேறு கதை. 14 சுற்றில் 3-ஐத் தவறவிட்ட பிரான்சின் செபாஸ்டியன் ஓஜியே, 6 வெற்றிகளோடு ஒன்பதாவது பட்டத்தை எடுத்து, செபாஸ்டியன் லோப்பின் சாதனையைச் சமன் செய்தார். எல்லாச் சுற்றும் ஓடிய எவன்ஸ் 4 புள்ளியில் பட்டத்தை இழந்தார். எல்லா ஊருக்கும் வந்து நிற்பவன் பெரியவனா, வந்த இடத்தில் எல்லாம் ஜெயிப்பவன் பெரியவனா? நம் ஊர் ஆட்களுக்கு இந்தக் கேள்வியை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஆக, பட்டியல் வந்தால் விவாதம் ஓயும் என்பது நடக்காத காரியம். ஆனால் விவாதத்தின் தரம் மாறும். "எங்க மாடுதான் மாடு" என்பது போய், எந்த ஓட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கலாம் என்று பேச்சு நகரும்.

மாடு இயந்திரம் இல்லையே

இங்கே ஓர் எச்சரிக்கை. ராலிக் கணக்கை அப்படியே கொண்டுவந்து வைத்தால் அது மாட்டின் உயிருக்கு வினை. கார் பழுதானால் பாகத்தை மாற்றி மறுநாள் ஓட்டலாம். மாட்டுக்கு மாற்றுக் கால் கிடையாது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் புள்ளி என்று வைத்தால், பங்குனி, சித்திரை வெயிலில் வாராவாரம் மாட்டை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகச் சொல்வது போலாகும். தார்க்குச்சி, சாட்டை, தார்ச்சாலைச் சூடு பற்றி விலங்கு நல ஆர்வலர்கள் ஏற்கெனவே சொல்லும் குறைகளில் நியாயம் இருக்கிறது. புள்ளி ஆசை அதை இன்னும் மோசமாக்கும்.

இதற்கு விடை பழைய பார்முலா 1-இல் இருக்கிறது. 1988 சீசனில் 16 பந்தயம். அதில் ஒருவரின் சிறந்த 11 முடிவுகள் மட்டுமே கணக்கு. மொத்தமாகக் கூட்டினால் அலைன் ப்ரோஸ்ட் 105, அயர்டன் சென்னா 94. கணக்கில் எடுத்த புள்ளிகளில் சென்னா 90, ப்ரோஸ்ட் 87. பட்டம் சென்னாவுக்கு. அது நியாயமா என்று இன்றும் சிலர் சண்டை போடுகிறார்கள். கார்களுக்கு அந்த விதி சரியோ தவறோ, மாடுகளுக்கு அதைவிடப் பொருத்தமான விதி கிடைக்காது. சீசனில் எத்தனை முறை ஓடினாலும் சிறந்த நாலோ ஐந்தோ மட்டுமே கணக்கு என்று வைத்துவிட்டால் போதும். மாட்டுக்கு ஓய்வு கொடுப்பவருக்கு இழப்பு இல்லை. பேராசையில் ஓட்டுபவருக்கு லாபமும் இல்லை.

பின்னால் வரும் பைக் கூட்டம்

சிவகங்கைப் பக்கத்துப் பந்தய வீடியோ எதையாவது திறந்து பாருங்கள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் பைக்குகள். ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் போன். சாலையோரம் குழந்தைகளோடு குடும்பங்கள். மிரண்ட மாடு எந்தப் பக்கம் திரும்பும் என்று சாரதிக்கே தெரியாது. பந்தயத்தில் பெரிய ஆபத்து எது என்று கேட்டால் மாடு, வண்டி இரண்டுக்கும் முன்னால் ரசிகர் பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

ராலி இந்தப் பாடத்தைச் சவப்பெட்டிகளோடு கற்றது. 1986 மார்ச்சில் போர்ச்சுகல் சுற்றில், கார் வரும்போது சாலைக்குள் நின்று கடைசி நொடியில் விலகுவதை வீரமாக நினைத்த கூட்டத்துக்குள் ஒரு கார் புகுந்தது. பார்வையாளர்கள் 3 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு மே 2-ஆம் தேதி கோர்சிகாவில் ஹென்றி டொய்வோனனும் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் பலியானார்கள். மிகவேகமான 'குரூப் பி' கார்கள் 1987 முதல் சாம்பியன்ஷிப்பில் இருந்து நீக்கப்பட்டன. இன்றைக்கும் பார்வையாளர்கள் ஆபத்தான இடத்தில் நின்றால் அந்தக் கட்ட ஓட்டத்தையே ரத்து செய்கிறார்கள். நம் நாட்டிலும் இது புதிதில்லை. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில், தேசிய ராலியின் அடைக்கப்பட்ட பாதைக்குள் வந்த பைக் மீது போட்டிக் கார் மோதி ஒரே குடும்பத்தில் 3 பேர் இறந்தார்கள்.

"பைக்கில் பின்தொடராதீர்கள்" என்று மைக்கில் எத்தனை முறை கத்தினாலும் நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. ஆனால் "பைக் கூட்டம் உள்ளே புகுந்தால் இந்தப் பந்தயத்துக்குப் புள்ளி இல்லை" என்று ஒரு விதி இருந்தால்? தன் ஊர் ஜோடி முன்னணியில் வரும்போது அதன் பின்னால் பைக்கை முறுக்குபவனை, அதே ஊர்க்காரனே சட்டையைப் பிடித்து நிறுத்துவான். போலீஸ் தடியால் முடியாததை இது செய்யும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2014 மே 7 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. மெரினா போராட்டத்துக்குப் பிறகு 2017-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்திருத்தத்தை, 2023 மே 18-ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு செல்லும் என்றது. அதுவரை எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, அந்தத் திருத்தத்தின் வரையறைதான். ஜல்லிக்கட்டு, அதோடு மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகியவற்றின் பெயர்கள் அதில் இருக்கின்றன. வண்டிப் பந்தயம் பெயர் சொல்லி இல்லை. அதே அமர்வு ஏற்றுக்கொண்ட மகாராஷ்டிரச் சட்டமும் கர்நாடகச் சட்டமும் மாட்டுவண்டிப் பந்தயத்தை வெளிப்படையாகக் குறிப்பிடுகின்றன.

சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு இருக்கும் சட்ட நிழல், அதே மாவட்டத்தின் வண்டிப் பந்தயத்துக்கு அவ்வளவு அடர்த்தியாக இல்லை. ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக அனுமதிக்கு அலைகிறது. சில நேரம் விஷயம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போகிறது. நாளைக்கே அரசு இதை முறைப்படுத்த நினைத்தாலும், நீதிமன்றம் கேள்வி கேட்டாலும், "போன வருஷம் எத்தனை பந்தயம் நடந்தது, எத்தனை மாடு ஓடியது, எத்தனை பேருக்கு அடிபட்டது" என்று கேட்டால் காட்டுவதற்குப் பொதுவான பதிவேடு ஒன்று வேண்டாமா? பாரம்பரியம் என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் வாதாட முடியும்?

இதற்கு அரசு உத்தரவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பந்தயத்தை யூடியூபில் போடுபவர்கள் கையில் பாதித் தகவல் ஏற்கெனவே இருக்கிறது: தேதி, ஊர், சாலை, தூரம், பிரிவு, வந்த ஜோடிகள், சாரதிகள், யார் எந்த இடம். மாட்டு உரிமையாளர்களும் விழாக் குழுக்களும் சேர்ந்து இன்னும் மூன்று கட்டங்களைச் சேர்த்தால் போதும். அனுமதி எண், கால்நடை மருத்துவர் பார்த்தாரா இல்லையா, காயம் ஏதாவது உண்டா. ஒரு பொங்கலில் இருந்து அடுத்த பொங்கல் வரை இதை விடாமல் நிரப்பினால் முதல் சீசன் கணக்கு கையில் இருக்கும்.

பெரிய மாட்டுக்கும் பூஞ்சிட்டுக்கும் ஒரே புள்ளியா, கூட்டு ஜோடி என்றால் புள்ளியை எப்படிப் பிரிப்பது என்ற சண்டையை அதன்பிறகு வைத்துக்கொள்ளலாம்.